புகல் வேறு இல்லாமையே பலம்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:



'மன உறுதி' என்னும் சொல் இக்காலத்தில் எங்கும் கேட்கிறது. அதை வளர்த்துக்கொள்ளப் பயிற்சி வகுப்புகளும் நூல்களும் ஏராளம். அவை சொல்வது பெரும்பாலும் ஒன்றே: உன் பலத்தை நீயே நம்பு. நம் ஸம்ப்ரதாயம் வேறோர் இடத்திலிருந்து தொடங்குகிறது. 'என் கையில் சாதனம் ஏதும் இல்லை' என்று உணர்வதை ஆகிஞ்சந்யம் என்றும், 'எம்பெருமானையன்றி எனக்குப் புகல் இல்லை' என்று உணர்வதை அநந்யகதித்வம் என்றும் நம் பூர்வாசார்யர்கள் அருளிச்செய்தனர். இவ்விரண்டுமே சரணாகதனுக்கு வேண்டிய தகுதிகள். கேட்பவருக்கு உடனே ஓர் ஐயம் எழும். தன்னிடம் ஒன்றும் இல்லை, போக வேறு இடமும் இல்லை என்று எண்ணுபவன் சோர்ந்தல்லவா போவான்? அவன் உள்ளத்துக்கு உரம் எங்கிருந்து வரும்?

இந்த ஐயத்துக்கு விடை தேடுவோர் குலசேகராழ்வாரின் பெருமாள் திருமொழியில் ஐந்தாம் திருமொழியை ஸேவித்துப் பார்க்க வேண்டும். 105 பாசுரங்கள் கொண்ட அப்ரபந்தத்தில், மலைநாட்டுத் திவ்யதேசமாகிய திருவித்துவக்கோட்டு எம்பெருமானை நோக்கி ஆழ்வார் பாடிய பத்துப் பாசுரங்கள் அவை. பாரதப்புழைக் கரையில், பட்டாம்பிக்கு அருகே எழுந்தருளியிருக்கும் அப்பெருமானுக்கு உய்யவந்த பெருமாள் என்பது திருநாமம். பாடுபவரோ சேரநாட்டை ஆண்ட அரசர். படையும் கோட்டையும் கருவூலமும் உடையவர். அவர் நிற்பதும் தம் மலைநாட்டு மண்ணில்தான். அங்கே நின்றுகொண்டு, உன் திருவடியன்றி எனக்கு இடமில்லை என்கிறார். ஏதுமற்ற ஏழை இவ்வாறு சொன்னால் அது நிலைமையைச் சொல்வதாகும். எல்லாம் பெற்ற அரசன் சொன்னால் அது தெளிவைச் சொல்வதாகும்.

இத்திருமொழிக்கும் நம் புதுச்சேரிக்கும் ஒரு தொடர்பு உண்டு. பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்த இவ்வூர், ஆங்கில அரசின் பிடியிலிருந்து விலகி வந்தவர்களுக்குப் புகலிடமாக விளங்கியது. 1908-இல் பாரதியார் வந்தார். 1910-இல் ஸ்ரீ அரவிந்தர் வந்தார். 1914 ஆகஸ்டில் அரவிந்தர் இங்கிருந்து 'ஆர்யா' இதழைத் தொடங்கினார். ஆண்டாளையும் நம்மாழ்வாரையும் ஆங்கிலம் அறிந்த உலகுக்கு அறிமுகம் செய்த கட்டுரைகள் 1915-இல் அவ்விதழில் வெளிவந்தன. குலசேகராழ்வாரின் இந்தத் திருமொழியையும் அவர் ஆங்கிலத்தில் பெயர்த்தார். அதற்கு அவர் இட்ட தலைப்பு, தமிழில் சொன்னால், 'புகலிடம்' என்பதே. புகல் தேடி வந்த ஊரில் இருந்துகொண்டு அவர் தேர்ந்தெடுத்த பாசுரங்கள் இவை என்பதை எண்ணுங்கால் நெஞ்சு நெகிழ்கிறது.

இனி ஆழ்வார் காட்டும் உவமைகளை ஒவ்வொன்றாக அநுபவிப்போம்.

முதல் உவமை, பெற்ற தாய் கோபம் கொண்டு விலக்கினாலும் அவளை நினைத்தே அழுகின்ற குழந்தை. இங்கே நாம் கவனிக்க வேண்டியது, அக்குழந்தை அழுகிறது என்பது. நம்பிக்கை உடையவன் அழமாட்டான், கலங்கமாட்டான் என்று நாமாக ஓர் இலக்கணம் வகுத்துக்கொண்டு, துயரத்தில் கண்ணீர் விடுபவரைப் பார்த்து 'இவ்வளவு ஸேவித்தும் பக்குவம் வரவில்லையே' என்கிறோம். ஆழ்வார் அப்படிச் சொல்லவில்லை. அழுகை இருக்கலாம், அது எவளை நோக்கி அழும் அழுகை என்பதே கேள்வி. அடித்த கையையே பற்றிக்கொண்டு அழும் குழந்தைக்கு அடுத்த வீட்டுக்காரி நினைவுக்கு வருவதில்லை.

இரண்டாவது, கணவன் பிறர் இகழும்படி நடந்தாலும் அவனையன்றி மற்றொருவரை அறியாத குலமகள். மூன்றாவது, அரசன் கண்ணெடுத்துப் பாராமல் துன்பமே செய்தாலும் அவன் செங்கோலையே எதிர்பார்த்து வாழும் குடிகள். இவை கணவனின் இழிசெயலையோ அரசனின் கொடுமையையோ சரியென்று காட்ட வந்தவை அல்ல. உவமையில் கொள்ள வேண்டிய பகுதி, பற்றியவரின் உறுதி மட்டுமே.

நான்காவது, மருத்துவன் கீறினாலும் சுட்டாலும் அவனிடம் அன்பு மாறாத நோயாளி. இவ்வுவமையில் சற்று நின்று செல்ல வேண்டும். கத்தியோடு வரும் மருத்துவரை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கும் நோயாளி நடுங்குகிறான். இருபது ஆண்டுகளாகத் தன் குடும்பத்துக்கு வைத்தியம் செய்தவர் என்றால் கையை நீட்டிவிடுகிறான். கத்தி ஒன்றுதான், வலியும் ஒன்றுதான். நாளடைவில் வளர்ந்த பழக்கமே வேறுபாடு. துன்பம் வந்த நாளில் எம்பெருமானைப் புதிதாக அறிமுகம் செய்துகொள்ள முயல்பவனுக்கும், நாள்தோறும் அவன் ஸந்நிதியில் நின்று பழகியவனுக்கும் உள்ள வேறுபாடு இதுவேயாகும்.

கூரத்தாழ்வானின் சரிதம் இதற்கு உரைகல். எம்பெருமானாருக்குத் தீங்கு வராதபடி, அவருடைய காஷாயத்தைத் தாம் தரித்து அரசவைக்குச் சென்று, தம் திருக்கண்களை இழந்தவர் அவர். பின்னாளில் எம்பெருமானார் காஞ்சிப் பேரருளாளனிடம் கண்களை வேண்டும்படி நியமிக்க, ஆழ்வான் வரதராஜஸ்தவம் அருளிச்செய்தார். பெருமாள் வரமளிக்கத் திருவுள்ளம் கொண்டபோது, தமக்குக் கண் கேளாமல், அத்தீங்குக்குக் காரணமாயிருந்த நாலூரானுக்கும் தாம் பெறும் பேறு கிடைக்க வேண்டும் என்று கேட்டார் என்பது குருபரம்பரை கூறும் வரலாறு. அதே வரதன் திருநாமத்தோடு நம் ஊரில் காந்தி வீதியிலும் பெருமாள் எழுந்தருளியிருக்கிறார். வரம் தருபவன் என்று பெயர் பெற்றவனிடம் சென்று, கேட்ட வரம் கிடைக்காமல் திரும்பும் நாள்களில் ஆழ்வானை நினைப்பது நமக்கு மருந்தாகும்.

ஐந்தாவது, நடுக்கடலில் கப்பலின் பாய்மரத்தில் அமர்ந்த பறவை. எத்திசையில் பறந்தும் கரை காணாமல் மீண்டும் அம்மரத்துக்கே வருகிறது. துறைமுகப் பட்டினத்தாராகிய நமக்கு இவ்வுவமை எளிதில் விளங்கும். முற்காலத்தில் புதுவைக்கு வரும் கப்பல்கள் கரையை அணுக இயலாமல் கடலில் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். சரக்கும் மக்களும் படகுகளில் வந்து இறங்குவர். அப்படி நிற்கும் கப்பலில் அமர்ந்த பறவைக்குக் கரை தெரியும். நினைத்தபோது பறந்து போகலாம். ஆகவே அதற்குப் பாய்மரத்தின் அருமை தெரியாது. ஆழ்வார் சொல்லும் கப்பலோ கரை மறைந்த கடலில் இருக்கிறது.

நமக்கும் கண்ணுக்குத் தெரியும் கரைகள் பல உண்டு. வைப்புநிதி, ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, நன்கு படித்த பிள்ளைகள். வங்கியில் பல்லாண்டு பணியாற்றிய அடியேன், இவை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். குடும்பஸ்தன் இவற்றைச் செய்துவைக்கத்தான் வேண்டும். ஆனால் எது எதைச் செய்யும் என்னும் கணக்கு சரியாக இருக்க வேண்டும். காப்பீடு மருத்துவமனைச் செலவைக் கொடுக்கும். இரவு மூன்று மணிக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்பவனின் அச்சத்தைப் போக்காது. அந்நேரத்தில் எல்லாக் கரைகளும் மறைந்துவிடுகின்றன. பறவை திரும்பி வருவதற்குப் பாய்மரம் இருக்கிறதா என்பது மட்டுமே மிஞ்சும்.

ஆறாவது, கதிரவன் சுட்டாலும் அவனுக்கே மலரும் தாமரை. ஏழாவது, மழை எத்தனை காலம் பொய்த்தாலும் மேகத்தையே பார்த்திருக்கும் பயிர். எட்டாவது, எங்குப் பரந்து ஓடினாலும் கடலிலே சென்று புகாமல் நிற்கமாட்டாத ஆறுகள்.

இங்கே உவமைகளின் வரிசையை ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டுகிறேன். குழந்தை, மனைவி, குடிகள், நோயாளி ஆகிய நால்வரும் மனிதர்கள். அவர்கள் சிந்திக்க வல்லவர்கள். பற்றுவதும் விடுவதும் அவர்கள் மனத்தைப் பொறுத்தது. அடுத்து வரும் பறவை நாற்புறமும் சென்று பார்த்து, வேறு வழியில்லை என்று கண்டு மீள்கிறது. அதன்பின் வருபவை தாமரையும் பயிரும் ஆறும். இவற்றுக்கு ஆராய்ச்சி இல்லை, ஐயம் இல்லை, தீர்மானமும் இல்லை. ஆறு கடலுக்குப் போகலாமா என்று நின்று யோசிப்பதில்லை. மனத்தால் செய்யும் முடிவாகத் தொடங்கும் நம்பிக்கை, படிப்படியாக இயல்பாகவே ஆகிவிடுகிறது. முடிவாக மட்டும் இருக்கும் நம்பிக்கை ஒவ்வொரு துன்பத்திலும் மறுபரிசீலனைக்கு உள்ளாகும். இயல்பாகிவிட்ட நம்பிக்கைக்கு அந்த அலைச்சல் இல்லை. உள்ளத்தின் உரம் என்று நாம் தேடுவது இதைத்தான்.

ஒன்பதாவது பாசுரத்தில் உவமை தலைகீழாக வருகிறது. செல்வத்தை வேண்டாது எம்பெருமானையே வேண்டியிருப்பவனை, அச்செல்வமே விடாமல் தேடி வருமாம். அதுபோல, நீ என்னைப் பாராவிட்டாலும் நான் உன்னையே வேண்டி நிற்பேன் என்கிறார் ஆழ்வார். பணத்தைத் துரத்துவோரையே நாள்தோறும் கண்ட அடியேனுக்கு, பணம் ஒருவனைத் துரத்தும் இக்காட்சி என்றும் வியப்பளிப்பது.

முடிவு இயல்பாவது எவ்வாறு? அதற்கு வழி அன்றாடப் பழக்கமே. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30 விடியற்காலையில் 'தானே' புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்ததை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். மார்கழியின் நடுப்பகுதி அது. மரங்கள் வீழ்ந்து தெருக்கள் அடைபட்டன, மின்சாரம் இல்லை. மறுநாள் விடியலில் எங்கள் திருப்பாவை கோஷ்டியைச் சேர்ந்த நால்வர், வீழ்ந்த கிளைகளைத் தாண்டி வந்து அகல்விளக்கின் ஒளியில் அன்றைய பாசுரத்தை ஸேவித்தோம். வீரத்தால் வந்தவர் எவருமில்லை. அந்நேரத்தில் எழுந்து அத்திசையில் நடந்து கால்கள் பழகியிருந்தன, அவ்வளவே. ஸேவித்து முடித்தபின்தான், அஞ்சிக் கிடந்த மனம் சற்று நிமிர்ந்தது தெரிந்தது. மனம் உறுதியானபின் பழக்கத்தைக் கைக்கொள்ளலாம் என்று காத்திருப்பவர் பலர். அன்று நாங்கள் கண்டது, பழக்கம் முன்னே போக மனம் பின்னே வந்ததை.

அப்புயல் பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புகளையும் பலா மரங்களையும் வேரோடு சாய்த்தது. பல ஆண்டுகள் வளர்ந்து பலன் தந்த மரங்கள் ஒரே காலையில் வீழ்ந்தன. சில வாரங்களுக்குப் பின், நெற்றியில் திருமண்காப்புடன் ஒரு முதிய விவசாயி கன்று நடுவதற்குக் கடன் கேட்டு வந்தார். ஆறுதலாக ஏதோ சொல்ல முற்பட்ட அடியேனிடம் அவர், "அழிச்சதும் அவன்தான் சார். அடுத்த வருசம் மழை குடுன்னு கேக்கப்போறதும் அவன்கிட்டதான். வேற யாருகிட்ட போறது?" என்றார். அவர் பெருமாள் திருமொழி ஸேவித்தவரா என்பது தெரியாது. ஏழாம் பாசுரத்தின் பொருளை அன்று அவர் வாயால் கேட்டேன். அவருடைய சொல்லில் கசப்பு இல்லாமல் இல்லை. ஆயினும் அதைச் சொல்லிவிட்டு அவர் கன்று நடப் போனார். புகல் வேறு இல்லை என்னும் எண்ணம் அவரைச் சோர்ந்து கிடக்க விடவில்லை. அலைந்து தேடும் வேலை முடிந்ததால், அடுத்த வேலையைத் தொடங்கச் செய்தது. தொடக்கத்தில் எழுந்த ஐயத்துக்கு இதுவே விடை.

அன்றாடப் பழக்கத்தின் ஆற்றலுக்கு நம் ஸம்ப்ரதாயமே சாட்சி. மறைந்துபோயிருந்த திவ்யப்ரபந்தத்தைத் தேடித் திருக்குருகூர் சென்ற நாதமுனிகள், பராங்குச தாஸர் உபதேசித்தபடி மதுரகவியாழ்வாரின் கண்ணிநுண்சிறுத்தாம்பை 12,000 முறை அநுஸந்தித்தார். அதில் பாசுரங்கள் 11. ஆக 1,32,000 முறை ஒரு பாசுரம் அவர் திருவாயிலிருந்து வெளிப்பட்டது. ஆயிரமாவது முறையில் ஒன்றும் நிகழவில்லை; பத்தாயிரமாவது முறையிலும் நிகழவில்லை. அவர் நிறுத்தவும் இல்லை. அதன்பின் நம்மாழ்வாரின் அருளால் நாலாயிரமும் நமக்குக் கிடைத்தன.

மற்றொன்று. 1323-இல் திருவரங்கம் தாக்கப்பட்டபோது, மிக முதிர்ந்த வயதில் பிள்ளை லோகாசார்யர் நம்பெருமாளை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு தெற்கே சென்று, மதுரைக்கு அருகிலுள்ள ஜ்யோதிஷ்குடியில் திருநாடு அலங்கரித்தார். நம்பெருமாள் திருவரங்கம் மீண்டது 1371-இல். இடையில் 48 ஆண்டுகள். நாள் கணக்கில் ஏறத்தாழ 17,500. அவ்வளவு காலம் தாங்கும் பலத்தை ஒருவரும் முன்கூட்டிச் சேர்த்து வைத்திருக்க முடியாது. இன்று பெருமாளைக் காப்பது, இன்று இயன்றபடி திருவாராதனம் கண்டருளப் பண்ணுவது என்று ஒவ்வொரு நாளாகவே அக்காலம் கடந்திருக்க வேண்டும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. நித்யாநுஷ்டானத்தை வங்கியின் தொடர் வைப்புக் கணக்கைப் போல் எண்ணிவிடக் கூடாது. மாதந்தோறும் கட்டினேன், முதிர்வு நாளில் வட்டியோடு தருக என்று எம்பெருமானிடம் கேட்க நமக்கு உரிமைச் சீட்டு ஏதும் இல்லை. 'இத்தனை ஆண்டு திருவாராதனம் செய்தும் இப்படி நேர்ந்ததே' என்னும் புலம்பல் அந்தத் தவறான கணக்கிலிருந்தே பிறக்கிறது. உபாயம் அவன் ஒருவனே. நாம் செய்பவை கைங்கர்யம். பயிர் வானத்தைப் பார்த்திருப்பதால் மழை பெய்தாக வேண்டும் என்பதில்லை. பார்த்திருப்பது பயிரின் ஸ்வரூபம்.

செய்ய வேண்டியவை எவை? பெரியோர் வகுத்தவையே போதும். கண் விழித்தவுடன் பிற பேச்சு எழுமுன் ஹரி நாமம். நீராடித் திருமண்காப்பு. இயன்ற அளவில் திருவாராதனம். எம்பெருமானாரே நித்யக்ரந்தத்தில் அதன் முறையை அருளியிருக்கிறார். நாள்தோறும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரு திருமொழியேனும் அநுஸந்தானம். பெருமாளுக்கு அமுது செய்விக்காமல் உண்ணாமை. வாரம் ஒருமுறையேனும் கோஷ்டியில் கலந்துகொள்ளுதல். இதைத் தனியே வலியுறுத்தக் காரணம் உண்டு. துக்கத்தால் ஒருவர் குரல் அடைபட்டு நின்றாலும் கோஷ்டியில் பாசுரம் நிற்பதில்லை. அருகில் இருப்பவர் எடுத்துச் செல்கிறார். இரண்டு அடி கழித்து அவரும் சேர்ந்துகொள்கிறார்.

இறுதியாக, உறங்குமுன் அன்றைய நாளை ஒருமுறை நினைத்துப் பார்த்தல். வங்கியில் அன்றைய ரொக்கத்தை அன்றே நேர்செய்யாமல் எழுந்திருக்க மாட்டோம். அன்றே தேடினால் நூறு ரூபாய் வித்தியாசம் எளிதில் அகப்படும். ஆண்டு முடிவில் தேடினால் அகப்படாது. பிறரிடம் பேசிய கடுஞ்சொல்லும் பாகவதரிடம் பட்ட அபசாரமும் அவ்வாறே. அன்றே கண்டு, அன்றே அவன் திருவடியில் விண்ணப்பித்துவிட்டு உறங்க வேண்டும்.

அடியேனைப் போன்ற வயதினருக்கு இன்னோர் அச்சம் உண்டு. நினைவே தவறிப்போனால்? ஐம்பது ஆண்டு ஸேவித்த பாசுரம் ஒருநாள் நாவில் வராமல் போனால்? அதற்கும் விடை அருளப்பட்டிருக்கிறது. உடல் நலமாக இருக்கும் காலத்தில் என்னை நினைத்தவனை, அவன் கட்டைபோல் கிடக்கும் இறுதிக் காலத்தில் நான் நினைக்கிறேன் என்பது வராஹப் பெருமான் பூமிப்பிராட்டிக்குக் கூறிய வார்த்தையின் கருத்து. நம் நினைவு தளரும் இடத்தில் அவன் நினைவு பொறுப்பேற்கிறது. நம்மிடம் கேட்கப்படுவது இன்றைய தெளிவான காலைப்பொழுது ஒன்றே.

ஆகவே இந்த வாரம் முழுவதும் ஐந்தாம் திருமொழியை நாள்தோறும் ஒருமுறை ஸேவித்துப் பாருங்கள். பாசுரங்கள் பத்தே; நிதானமாகச் சொன்னாலும் கால் மணி நேரம் ஆகாது. நாளுக்கு ஓர் உவமையாகப் பெரியவாச்சான்பிள்ளை வ்யாக்யானத்தோடு சேர்த்து அநுபவித்தால் இன்னும் சிறப்பு. இன்று நாம் குழந்தையைப் போல் அழுதுகொண்டு பற்றியிருக்கலாம். பறவையைப் போல் சுற்றிக் களைத்து வந்து அமர்ந்திருக்கலாம். எந்நிலையில் இருந்தாலும் பற்றியதை விடாதிருப்போமாக. ஆற்றின் இயல்பை அவனே அருள்வான்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.

அடியேன்,
ராமாநுஜ தாஸன்,
புதுச்சேரி